வலிக்காத புண்

பல் டாக்டரிடம் போய்விட்டு வருகிறவரிடம் எங்கள் வில்பட்டியில் முதலில் ஒரு கேள்விதான் கேட்பார்கள். "வலிச்சுச்சா?" பல் தங்குமா, டாக்டர் என்ன பார்த்தார், மறுபடி எப்போது வரச் சொன்னார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு, நேரமிருந்தால். வலிக்கவில்லை என்றால் நல்ல டாக்டர். வலித்தது என்றால் அடுத்த தடவை வேறு ஆள்.

என் நாக்கின் வலப்பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போது இல்லை. இடது முன்கையிலிருந்து எடுத்த தோலும் சதையும் அந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குச் சுவை தெரியாது, சூடு தெரியாது. நான் பேசினால் புரியும். கேட்பவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெட்டியெடுத்த நோய் திரும்பி வருகிறதா என்று மாதாமாதம் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வருடங்களில்தான் அது அதிகம் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் முதல் வருடத்தைத் தாண்டவில்லை.

தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் நோயைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "எந்தப் பல் டாக்டர்ட்ட போனா நல்லதுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு வாயால் விளக்கம் சொல்வது எனக்கு இப்போது பெரிய வேலை. அதனால் எழுதுகிறேன். மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவள் நான். எழுதுவதுதான் எனக்குச் சுலபம்.

என் கணவர் ராமராஜுக்குக் கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் கொஞ்சம் நிலம். கேரட், பீன்ஸ், முக்கியமாகப் பூண்டு. எங்கள் மலைப்பூண்டு சிறியது, காரம் அதிகம். அறுத்ததும் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவோம்; மாதக்கணக்கில் கெடாது. சளிக்கு, வாயுவுக்கு, காது வலிக்கு, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் ஒரு பல்லைக் கிள்ளுவார்கள். பல் வலிக்கும் அதுதான். பூண்டை நசுக்கி உப்பு சேர்த்து, வலிக்கிற பல்லின் பக்கத்தில் அடக்கிக்கொண்டு படுத்துவிடுவது வழக்கம். காலையில் வலி குறைந்திருக்கும். கூடவே கன்னத்தின் உட்புறமோ நாக்கோரமோ வெந்து, வெள்ளையாகத் தோல் உரியும். ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

எனக்கு வலது கீழ்க்கடைவாயில் ஒரு பல் வெகுநாளாகவே உடைந்திருந்தது. அதன் முனை நாக்கில் உரசும். ஒரு மழைக்காலத்தில் அது வலிக்கத் தொடங்கியபோது என் நாத்தனார் பாண்டியம்மா பூண்டோடு வந்தாள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். கேட்காமலே உதவி செய்கிறவள்.

"மதினி, வாயத் தெறங்க. எரியும். எரிஞ்சாத்தான் கேக்கும்."

"நீ வச்சதுல போன தடவ உங்கண்ணனுக்குக் கன்னமே உரிஞ்சுபோச்சு."

"கன்னம் உரிஞ்சுச்சு, பல்லு நின்னுச்சுல்ல? அண்ணன் அன்னைக்கு ஒரு நாளு பேசாம இருந்துச்சு. அதுவும் நல்லதுதான."

பூண்டு வைத்தேன். நாக்கோரம் வெந்தது. வலி அடங்காததால் கொடைக்கானலில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன்.

அந்த டாக்டரை இங்கே பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன். அவர் நல்ல மனிதர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அவருடைய இடம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். கருவிகளை உறையைப் பிரித்து நம் கண் முன்னால் எடுப்பார். ஊசி போடும் முன் ஈறில் ஒரு மரப்புப் பசையைத் தடவி, கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டுவார். ஊசி இறங்கியதே தெரியாது. "ஜஸ்ட் ரிலாக்ஸ் மேடம், வலிச்சா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்" என்பார். மறுநாள் அவரே போன் செய்து வலி இருக்கிறதா என்று கேட்பார். அவரைப் பற்றிக் கைபேசியில் நோயாளிகள் போட்டிருந்த நட்சத்திரங்களையும் கருத்துகளையும் நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன். வலியே தெரியவில்லை, சிரித்த முகம், சுத்தமான பாத்ரூம், வண்டி நிறுத்த இடம் உண்டு, குழந்தைகளுக்குப் பலூன் கொடுக்கிறார். எல்லாம் உண்மை. அவர் அடைத்த பல் எத்தனை வருடம் நின்றது, வாயில் வேறு ஏதாவது இருந்ததைக் கண்டுபிடித்தாரா என்று ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? நாற்காலியில் மல்லாந்து கிடப்பவருக்குத் தெரிவது விளக்கும் டாக்டரின் முகமும் தன் வலியும்தான். நடக்கும் வேலை வாய்க்குள் இருக்கிறது. ஒரு செய்தியில் யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகிய நான், இந்த விஷயத்தில் அதைக் கேட்கவில்லை.

அவர் பல்லை அடைத்தார். நாக்கோரத்து வெள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "பூண்டா மேடம்?" என்றார். ஆமென்றேன். "மலையில பாதிப் பேருக்கு இதான். தானா ஆறிடும்." ஆறியும் விட்டது. அந்த முறை அவர் சொன்னது சரி.

சில மாதங்கள் கழித்து அடைத்தது கழன்று விழுந்தது. முனை மறுபடி உரசியது, பல் வலித்தது, பாண்டியம்மா வந்தாள், பூண்டு வைத்தாள். இந்த முறை வெள்ளை உரிந்தபோது அடியில் ஒரு புண் நின்றது. பட்டாணி அளவு இருக்கும். டாக்டரிடம் காட்டினேன். "மறுபடியும் பூண்டா?" என்றார். பல்லின் முனையை ராவி மழுக்கினார். புண்ணுக்கு மரத்துப்போகச் செய்யும் பசை கொடுத்தார். தடவினால் எரிச்சல் போனது. வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "வலிச்சுச்சா?"

"இல்ல."

"நல்ல மனுசன்."

புண் ஆறவில்லை. ஆனால் வலிக்கவும் இல்லை. பசை தீர்ந்தபோது இன்னொன்று வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை போனபோதும் அவர் பசையையே எழுதினார். பூண்டு எடுக்கும் நேரம் அது. வீட்டில் ஆள் கூலி, மழை, வியாபாரி என்று ஆயிரம் சோலி. வலிக்காத ஒன்றுக்காக யாரும் ஒரு நாளை விடமாட்டார்கள். நானும் விடவில்லை.

கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போனது எனக்காக அல்ல. கணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காக. மாத்திரை வரிசை நீளமாக இருந்தது; அவர் அதில் நின்றார். பல் பிரிவில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. காரணத்தைப் பக்கத்திலிருந்த ஒரு பெண் சொன்னாள்: "உள்ள இருக்கிற டாக்டரம்மா வள்ளுனு விழும். கையும் முரடு. அதான் யாரும் வாரதில்ல." சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக உள்ளே போனேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த பெண். என்னை உட்காரச் சொல்லவில்லை, நாற்காலியைக் காட்டினார்.

"என்ன?"

"புண்ணு. பூண்டு வச்சதுல..."

"பூண்ட விடுங்க. எத்தன நாளா இருக்கு?"

நான் யோசித்தேன். பூண்டு எடுப்புக்கு முன்னால் வந்தது, எடுப்பு முடிந்துவிட்டது. இரண்டு மாதம் இருக்கும் என்றேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, என் நாக்கின் நுனியை ஒரு துணித்துண்டால் பற்றி வெளியே இழுத்தார். வலித்தது. மறுகையின் விரலால் புண்ணின் ஓரத்தை அமுக்கினார், பிறகு சுற்றிலும், பிறகு அடிநாக்கு வரை. குமட்டியது. நாக்கை விட்டுவிட்டு என் தாடைக்கு அடியில், காதுக்குக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் விரல்களைப் பதித்துத் தேடினார். யாரும் அதுவரை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"புண்ணு வலிக்குதா?"

"இல்லைங்க. நீங்க இழுத்ததுதான் வலிச்சுச்சு. புண்ணு வலிக்கவே இல்ல."

இந்தப் பதிலைக் கேட்டு எல்லா டாக்டரும் முகம் மலர்ந்து நான் பார்த்திருக்கிறேன். அவர் முகம் மலரவில்லை.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

கணவர் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். டாக்டர் அவரிடம், "புண்ணோட ஓரம் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு" என்றார்.

என் கணவர் பூண்டுக்காரர். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தே பூண்டு வாங்குவார், விற்பார். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல். கெட்டியாக இருந்தால் முதல் தரம். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"கெட்டியா இருந்தா நல்லதுதானுங்களே டாக்டர்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பூண்டுக்கு நல்லது. நாக்குக்கு நல்லதில்ல. ரெண்டு வாரத்துல ஆறாத புண்ண வெட்டிப் பாக்கணும். இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க? நாளைக்கே மதுர போங்க."

வெளியே வந்ததும் கணவர், "ரொம்பத்தான் பயமுறுத்துது அந்தம்மா" என்றார். வீடு வந்த பிறகு, "காலைல வெள்ளனே கெளம்புவோம்" என்றார்.

வத்தலக்குண்டு வழியாக மதுரை இறங்கினோம். அங்கே பயாப்ஸி எடுத்தார்கள். பயாப்ஸி என்றால், சந்தேகப்படும் இடத்தில் சதைத் துணுக்கு ஒன்றை வெட்டியெடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. வெட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிவுக்காகக் காத்திருந்ததுதான் நீண்டது. அந்த நாட்களில் பாண்டியம்மா என் பக்கமே வரவில்லை. அவள் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கிய கொத்துகளை இறக்கிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

முடிவு ஆங்கிலத்தில் மூன்று வரி. செதிள் செல் புற்றுநோய். வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் தட்டையான செல்களில் தொடங்குவதால் அந்தப் பெயர். அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "புகையிலை போடுவீங்களா?" வெற்றிலைகூடப் போட்டதில்லை என்றேன். "போடாதவங்களுக்கும் வரும். குறைவு, ஆனா வரும். உடைஞ்ச பல் ஒரே இடத்துல உரசிக்கிட்டே இருந்ததும் சேந்திருக்கலாம்." உறுதியாகச் சொல்ல முடியாததை உறுதியாகச் சொல்லாதவர். அவரை அதனாலேயே நம்பினேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புண்ணின் ஆழம் தெரிந்தது. இந்த நோயில் அகலத்தைவிட ஆழம் முக்கியம். நாக்குக்கு மேலே பட்டாணி. உள்ளே எலுமிச்சங்கொட்டைகளை அடுக்கியதுபோல் இறங்கியிருந்தது. கழுத்தில் ஒரு நெறிகட்டி பெரிதாகியிருந்தது. நெறிகட்டி என்பது உடம்பின் வடிகட்டி; நோய் முதலில் போய்த் தங்கும் இடம் அதுதான்.

"பேச்சு வருமா?" என்று கேட்டேன்.

"வரும். இப்ப மாதிரி வராது."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"உள்ள போனாத்தான் தெரியும். நோயைச் சுத்தி நல்ல சதையும் ஒரு விரல்கடை எடுக்கணும். முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் செய்தி மேசையில் இருந்தவள். நிறுத்தப்பட்ட வாக்கியத்தின் மீதியை எழுத எனக்குத் தெரியும்.

காப்பீட்டு அட்டையில் அறுவைச் செலவு பெரும்பாலும் அடங்கியது. மற்றவற்றுக்கு, அடுத்த நடவுக்கென்று புகையில் கிடந்த விதைப்பூண்டைக் கணவர் விற்றார். விதையை விற்றால் அடுத்த போகம் கிடையாது. என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, அடுப்புக்கு மேலே வெறும் கயிறுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. தொண்டையில் ஒரு துளை. அதன் வழியாக மூச்சு. மூக்கில் ஒரு குழாய். அதன் வழியாகச் சாப்பாடு. வாய் நிறைய ஏதோ ஒன்று. அது என் கை. நாக்கு வீங்கி மூச்சை அடைத்துவிடாமல் இருப்பதற்காகத் தொண்டையில் துளையிடுவார்கள். வீக்கம் வடிந்ததும் மூடிவிடுவார்கள். இதையெல்லாம் முன்பே விளக்கியிருந்தார்கள். விளங்கியிருந்தது வேறு, படுத்திருப்பது வேறு. எச்சிலை விழுங்க முடியாது. அது வழிந்துகொண்டே இருக்கும். செவிலியர் ஒரு குழாயால் உறிஞ்சுவார். துளையில் சளி கட்டும்போது மூச்சு நிற்கும். கத்த முடியாது. கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்ட வேண்டும். இரவுகளில் என் உயிர் அந்தச் சத்தத்தை யாராவது கேட்பதில் இருந்தது. ஒரு செவிலியர் தட்டிய உடனே வருவார். பேசமாட்டார், சிரிக்கமாட்டார், உறிஞ்சிவிட்டுப் போவார். இன்னொருவர் தலையைத் தடவி, "என்னம்மா, தூக்கம் வரலையா?" என்று அன்பாகக் கேட்பார், ஆனால் தாமதமாகத்தான் வருவார். வார்டில் எல்லோருக்கும் இரண்டாமவரைப் பிடிக்கும். எனக்கு முதலாமவரின் முறை எப்போது வரும் என்றிருக்கும்.

கணவர் தன் சாப்பாட்டை வராந்தாவில் போய்ச் சாப்பிட்டார். வாசனை எனக்கு வரக்கூடாது என்பதற்காக. காலையில் நாளிதழை வாங்கிவந்து எனக்குப் படித்துக்காட்டுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். தப்பாகப் படித்தால் நான் கம்பியில் ஒரு தட்டு தட்டுவேன்.

"என்ன? 'நிவாரணம்'னுதான போட்டிருக்கு?"

தட்டு.

"நிர்வாகம். சரி. ஏ புள்ள, வாய் இல்லாமலே இந்தப் பாடு படுத்துறியே. வாயிருந்தா என்ன பாடோ." எதிர்க்கட்டிலில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்தது. அவர் வலியில் முனகினார். அந்த வார்டில் சிரிப்பு அப்படித்தான் முடியும்.

பாண்டியம்மா கேரட்டும் பருப்பும் வேகவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி எடுத்துவந்தாள். அவளே குழாயில் ஊற்றினாள். ஒருநாள் வார்டு பார்வையிட வந்த அறுவை மருத்துவரை வாசலில் மறித்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நான் வச்ச பூண்டுனாலதான் இப்படியா?"

"இல்லம்மா. பூண்டு காரணமில்ல. அது நோயை மறைச்சிருச்சு, அவ்வளவுதான்."

அவர் ஆறுதலாகச் சொன்னது முதல் பாதி. அவள் காதில் நின்றது இரண்டாம் பாதி. அதன் பிறகு என்னிடம் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அப்போது பேச முடியாதவள். கைபேசியில் தட்டச்சு செய்து காட்டினால் அவளுக்குப் படிக்க வராது.

வெட்டியெடுத்த சதையின் அறிக்கை வந்தது. ஓரங்கள் சுத்தம், அதாவது வெட்டிய விளிம்பில் நோய் இல்லை. கழுத்தில் எடுத்த நெறிகட்டிகளில் ஒன்றில் இருந்தது. அதனால் கதிர்வீச்சு தேவை. ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள். அதற்கு முன் ஒரு வேலை: வாயில் சந்தேகமான பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடையெலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்போது பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது, எலும்பே செத்து உதிரும். அப்படித்தான் மறுபடி ஒரு பல் பிரிவின் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே என் பக்கத்தில் ஆயக்குடியிலிருந்து வந்த கொய்யா வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் கணவரிடம் தன் பல்லின் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"எங்க பக்கம் ஒரு கிளினிக்குல புடுங்குனேன் மாப்ள. என்ன கைங்கிறீக? ரோசாப்பூ பறிச்ச மாதிரி. துளி வலி இல்ல. மனுசன்னா அவன் மனுசன்."

"அப்புறம் ஏன் இங்க வந்து கெடக்கீங்க?"

"வேரு பாதி உள்ளயே நின்னுபோச்சாம். சீழ் வச்சிருச்சு."

எதிரே இருந்த அம்மாள் கையால் வாயை மூடிச் சிரித்தார். "பூவ மட்டும் பறிச்சுட்டு வேர விட்டுட்டாருல்ல. சரியாத்தான் சொன்னீரு, ரோசாப்பூன்னு."

"சும்மா இருத்தா. அந்தத் தம்பியக் கொற சொல்லாத. வலிக்காமப் பாத்துச்சு. இங்க இருக்கிறவன் போன வாரம் எக்ஸ்ரே எடுக்கிறேன்னு வாய்க்குள்ள தகட்ட வச்சு அமுக்கி உயிர எடுத்துட்டான்."

வேர் உள்ளே இருப்பதைக் காட்டியது அந்தத் தகடுதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. கணவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு நான்கு பற்களை எடுத்தார்கள். உடைந்த அந்தப் பல் முன்பே அறுவையின்போது போய்விட்டது. எடுத்த இளம் மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் என் கண் முன்னால் தூக்கிப் பிடித்து, வேர் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டில் போட்டார். வலித்தது.

கதிர்வீச்சு வலிக்காது என்றார்கள். முதல் இரண்டு வாரம் வலிக்கவில்லை. பிறகு வாய் முழுதும் வெந்தது, எச்சில் வற்றியது, தண்ணீர் கண்ணாடித் தூள் போல இறங்கியது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். மலைக்காரர் மதுரை வெயிலில் ஆறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். ஒருநாள்கூட ஊருக்குப் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. போய்ப் பார்க்கவும் ஒன்றுமில்லை.

வீடு திரும்பிய சில நாட்களில் கொடைக்கானல் டாக்டர் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பழம் சாப்பிட முடியாது என்பது வாசலில்தான் நினைவு வந்தவரைப்போல் நின்றார். உட்காரச் சொன்னோம். காப்பி கொடுத்தோம்.

"நான் பூண்டுன்னு நெனச்சிட்டேன் மேடம்" என்றார். "முதல் தடவ அப்படித்தான இருந்துச்சு. ரெண்டாவது தடவயும்..."

நான் தலையசைத்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. சாக்கும் இல்லை. பூண்டு என்ற விடை கையில் இருந்தது. அவர் கேள்வியை அதோடு நிறுத்திவிட்டார். நானும்தான் அந்த விடையை வாசலிலிருந்தே எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண் கலங்கியிருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"இப்ப வலி இருக்கா மேடம்?"

அவர் போன பிறகு கணவர் காப்பித் தம்ளரை எடுத்தார். "நல்ல மனுசன்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனார்.

மாதாமாதப் பரிசோதனையை மதுரைக்காரர்கள் எங்கள் அரசு மருத்துவமனை டாக்டரிடமே ஒப்படைத்தார்கள். சந்தேகம் வந்தால் மட்டும் கீழே இறங்கினால் போதும் என்று ஏற்பாடு. இப்போதும் அந்த அறை முன்னால் பெஞ்சு பெரும்பாலும் காலி. நான் சொல்லி மூன்று நான்கு பேர் போனார்கள். ஒருத்தி திரும்பிவந்து, "என்னக்கா, பல்லு வலின்னு போனா கழுத்தப் போட்டுப் பெசையுது. பல்ல ஏன் இப்படிக் கெடுத்து வச்சிருக்கன்னு வையுது" என்றாள். இனிப் போகமாட்டாளாம். கழுத்தைப் பிசைந்தது எதற்கு என்று நான் விளக்கினேன். என் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மரியாதைக்குத் தலையாட்டினாள்.

எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வலிக்காமல் பார்ப்பது நல்ல விஷயம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேலையின் மேல்தோல். நீங்கள் காட்டாத இடத்தையும் பார்த்தாரா? நாக்கைத் தூக்கிப் பார்த்தாரா? கழுத்தைத் தொட்டாரா? எத்தனை நாளாக என்று கேட்டாரா? நீங்களே ஒரு காரணம் சொன்னபோது அதை ஒதுக்கிவைத்துவிட்டு மேற்கொண்டு தேடினாரா? நாற்காலியில் படுத்திருப்பவர் தன் கண்ணாலும் உடம்பாலும் தெரிந்துகொள்ளக்கூடியவை இவை. இவற்றுக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை.

இந்த மாதம் போனது நேற்று. டாக்டர் வழக்கம்போல் பேசாமல் கையுறை மாட்டினார். நாக்கு, ஒட்டுப்போட்ட சதை, தையல் ஓரம், அடிநாக்கு. பிறகு கழுத்து. வலப்பக்கம் வெட்டிய தழும்பு நெடுக விரல் போனது. இடப்பக்கம் வந்தது. தாடைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. கடந்து போனது. திரும்பி வந்தது. என் தலையை அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லி, இரண்டு விரலால் அதே இடத்தை மறுபடி அமுக்கினார்.

"சளி, காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?"

இல்லையென்று தலையசைத்தேன். இருந்தது என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"நெறி ஒண்ணு தட்டுது. சாதாரணமாவும் இருக்கலாம். நான் 'இருக்கலாம்'னு விடமாட்டேன். மதுர போயி ஸ்கேன் எடுங்க. ஊசி வச்சு உறிஞ்சியும் பாக்கச் சொல்லி எழுதுறேன்." எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "தனியா வந்தீங்களா?" என்று கேட்டார். முதல் நாள் வீட்டுக்காரர் வந்திருக்காரா என்று கேட்டதற்குப் பிறகு, அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது.

வெளியே கணவர் மாத்திரைப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. வலிச்சுச்சா என்று அவர் கேட்கவில்லை.

"எங்க அமுக்குனாங்க?"

அவர் கையைப் பிடித்து, இடத் தாடைக்குக் கீழே வைத்தேன். அவர் கட்டை விரல் பதமாக இறங்கியது. மண்டியில் ஆயிரம் பூண்டை அமுக்கிய விரல். அந்த இடத்தில் நின்றது. கொஞ்சம் உருட்டியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அமுக்கும்போது அவர் எதையும் பார்க்கமாட்டார்.

நான் காத்திருந்தேன்.

விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். என் சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டார்.

"வெள்ளனே கெளம்பிருவோம்" என்றார்.